முதல் பக்கத்தில் வர மாதம் 3,500 ராண்டா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். தீபாவளி, கல்யாணம் என்றால் ஆர்டர் வரும். மற்ற மாதங்களில் தெரிந்தவர்கள் மட்டும்தான் வாங்குகிறார்கள். அண்ணன் மகன் இணையதளம் போட்டுக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. கடைப் பெயரை முழுதாக அடித்துத் தேடினாலும் கூகுளில் வருவதில்லை. இப்போது ஒருவர் ஃபோன் செய்து, மாதம் 3,500 ராண்ட் கொடுத்தால் முப்பது நாளில் முதல் பக்கத்தில் முதல் இடம் நிச்சயம் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். கூகுள் தேடலில் முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. ஒழுங்காகச் செய்த வேலைக்கும் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான். முப்பது நாள் கணக்குச் சொல்கிறவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். யாருமே தேடாத ஒரு நீளமான தொடருக்கு உங்களை முதலில் காட்டிவிட்டு, 'பாருங்கள், வந்துவிட்டது' என்பார்கள். இல்லையென்றால் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்புகளை (லிங்க்) காசுக்கு வாங்கிப் போடுவார்கள். இரண்டாவது ஆபத்தானது. 2012-இல் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்த நாளிலிருந்து கூகுள் இதில் கண்டிப்பாக இருக்கிறது. தளம் பின்னுக்குப் போனால் மீட்டெடுப்பது பெரும்பாடு.

நீங்கள் அனுப்பிய முகவரியைத் திறந்து பார்த்தேன். கடைப் பெயருக்குக்கூட வராததற்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. பக்கத்தின் மூல நிரலில் 'நோஇண்டெக்ஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. என்னைப் பட்டியலில் சேர்க்காதே என்று உங்கள் தளமே கூகுளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. உங்கள் தளம் செய்யப்பட்டிருக்கும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் தளம் கட்டும்போது, அரைகுறையாக இருப்பது வெளியே தெரியவேண்டாம் என்று இதை டிக் செய்வார்கள். முடித்த பிறகு எடுக்க மறந்துவிடும். அண்ணன் மகனைக் கோபிக்க வேண்டாம், இது தொழில் செய்கிறவர்களுக்கும் நடப்பதுதான். செட்டிங்ஸில் ரீடிங் என்ற பகுதிக்குப் போய், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் அந்த டிக்கை எடுத்துவிட்டுச் சேமிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. இது இருக்கும்வரை மாதம் 3,500 இல்லை, 35,000 கொடுத்தாலும் பயன் இல்லை.

அப்புறம் கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிவு செய்யுங்கள். அதில் மேலே உள்ள பெட்டியில் உங்கள் பக்க முகவரியை ஒட்டி, பட்டியலில் சேர்க்கும்படி கேட்கலாம். சில நாளில் நடக்கலாம், சில வாரமும் ஆகலாம். மறுபடி மறுபடி அழுத்துவதால் வேகம் கூடாது.

சரி, தளம் பட்டியலில் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் பெயர் தெரிந்தவர்தான் உங்களைக் கண்டுபிடிப்பார். பெயர் தெரியாதவர் கண்டுபிடிக்க வேண்டுமானால், நீங்கள் என்ன செய்கிறீர்கள், எங்கே, என்ன விலை, எப்படி ஆர்டர் கொடுப்பது என்பது வாங்குகிறவர் பேசும் சொல்லில், எழுத்தாக, பக்கத்தில் இருக்க வேண்டும். சிறிய தளத்துக்கு எஸ்இஓ, அதாவது தேடலில் மேலே வரச் செய்யும் வேலை என்பது முக்கால்வாசி இதுதான். உங்கள் தளத்தில் இது ஒன்றுகூட இல்லை.

முகப்புப் பக்கத்தின் தலைப்பு 'ஹோம்' என்று மட்டும் இருக்கிறது. தேடல் முடிவில் நீல நிறத்தில் பெரிதாகத் தெரியும் வரி பெரும்பாலும் இந்தத் தலைப்பிலிருந்துதான் வருகிறது. அடுத்து, பக்கத்தில் 'டிரெடிஷனல் சவுத் இந்தியன் டெலிகசீஸ்' என்று அழகாகப் போட்டிருக்கிறீர்கள். டர்பனில் அப்படி யார் தேடுவார்கள்? இங்கே தீபாவளிக்கு வாங்குவது 'ஸ்வீட்மீட்ஸ்'. பஜ்ஜி, பக்கோடா எல்லாம் 'சில்லி பைட்ஸ்'. பிரியாணியையே 'ப்ரெயானி' என்று எழுதுகிற ஊர் இது. எழுத்து மாறினாலும் கூகுள் ஓரளவு புரிந்துகொள்ளும். ஆனால் முடிவுகளைப் பார்க்கிற ஆள், தான் சொல்கிற சொல் கண்ணில் பட்டால்தான் தொடுவார். அதனால் தலைப்பை 'தீபாவளி ஸ்வீட்மீட்ஸ், எக்லெஸ், சாட்ஸ்வொர்த் டர்பன்' என்று ஆரம்பித்து, கடைப் பெயரைக் கடைசியில் வையுங்கள். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 60 எழுத்துக்குள் முடிந்தால் பாதியில் வெட்டுப்படாது.

குலாப் ஜாமூனுக்கு மட்டும் தனியாக இரண்டு வரி எழுதுங்கள். இந்த ஊர் ஜாமூன் நீளவாக்கில், கண்டென்ஸ்டு மில்க் சேர்த்துச் செய்வது. இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்கள் உருண்டையாக எதிர்பார்ப்பார்கள். எந்த வகை என்று எழுதிவிட்டால் இரண்டு பேருமே சரியாக வந்து சேர்வார்கள்.

விலைப்பட்டியல்தான் பெரிய குறை. வாட்ஸ்அப்பில் அனுப்பும் போஸ்டரை அப்படியே படமாக ஒட்டியிருக்கிறது. முறுக்கு, பர்ஃபி, அதிரசம், கிலோ விலை எல்லாம் படத்துக்குள் இருக்கின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி கூகுள் உங்களை மேலே கொண்டுவராது. அதை ஒரு சாதாரண அட்டவணையாகத் தட்டச்சு செய்யுங்கள். முட்டை உண்டா, நெய்யா எண்ணெயா, குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். தினமும் ஃபோனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பதில்கள்தான் உங்கள் தளத்தின் சரக்கு.

படங்கள் வேண்டும்தான், ஆனால் ஃபோனில் எடுத்ததை அப்படியே ஏற்றாதீர்கள். உங்கள் முகப்பில் உள்ள தட்டுப் படம் ஒன்றே 4 எம்பிக்கு மேல். ப்ரீபெய்ட் டேட்டா வாங்கிப் பார்க்கிறவர் அது திறப்பதற்குள் வேறு கடைக்குப் போய்விடுவார். ஸ்க்வூஷ் என்ற இலவசக் கருவியில் போட்டால் பார்வைக்குக் குறையாமல் 150 கேபி அளவுக்குக் கொண்டுவரலாம். பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. தளங்களை அது பார்ப்பதும் மொபைலில் தெரிகிற வடிவத்தைத்தான். அதனால் கம்ப்யூட்டரில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

அண்ணன் மகன் 'கீவேர்ட்ஸ்' என்ற இடத்தில் நாற்பது சொல் அடுக்கியிருக்கிறார். அந்தக் குறிச்சொல்லைத் தான் பார்ப்பதே இல்லை என்று 2009-லேயே கூகுள் சொல்லிவிட்டது. விட்டுவிடலாம்.

தீபாவளிக்கென்று தனிப் பக்கம் ஒன்று வையுங்கள், முகவரியில் வருடத்தைப் போடாமல். வருடா வருடம் புதுப் பக்கம் போட்டுப் பழையதை அழிக்கிறவர்கள், பழைய பக்கம் சம்பாதித்த இணைப்புகளையும் சேர்த்து அழிக்கிறார்கள். ஒரே பக்கத்தில் தேதியையும் விலையையும் மட்டும் மாற்றுங்கள். பண்டிகை அக்டோபர், நவம்பரில் என்றால் பக்கம் ஆகஸ்டிலேயே தயாராக இருக்க வேண்டும். அதேபோல் புரட்டாசிக்கு ஒரு பக்கம். செப்டம்பர் நடுவிலிருந்து ஒரு மாதம் இங்கே எத்தனை குடும்பம் கவிச்சி தொடாமல் விரதம் இருக்கிறது! அவர்களுக்குச் சைவப் பலகாரமும் சாப்பாடும் செய்து தருகிறீர்கள் என்றால் அதைச் சொல்லும் பக்கம் உங்கள் தளத்தில் வேண்டாமா? வேலை குறைவான மாதங்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதில் ஒரு மாதத்துக்கு இதுவே வழி.

தளத்தைவிட வேகமாகப் பலன் தரக்கூடியது கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், அதாவது கூகுளிலேயே கடைக்கென்று வைக்கும் விவரப் பக்கம். வரைபடத்தோடு வரும் மூன்று கடைகளின் பட்டியல் அதிலிருந்துதான் வருகிறது, இதுவும் இலவசம். தேடும் சொல்லுக்குப் பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து தூரம், கடை எவ்வளவு பிரபலம் என்ற மூன்றையும் வைத்து கூகுள் அங்கே வரிசைப்படுத்துகிறது. தூரம் என்று இருப்பதால்தான் சாட்ஸ்வொர்த்தில் தேடுகிறவருக்கு ஊரிலுள்ள பெரிய கடையைத் தாண்டி நீங்கள் வர முடியும். வீட்டிலிருந்து செய்து டெலிவரி கொடுப்பதால் முகவரியை மறைத்துவிட்டு, போகும் பகுதிகளை மட்டும் காட்டுங்கள்: சாட்ஸ்வொர்த், மெரிபேங்க், இசிபிங்கோ, ஃபீனிக்ஸ் என்று 20 பகுதி வரை போடலாம். உண்மையிலேயே போகிற இடத்தை மட்டும் போடுங்கள். எந்த வகைக் கடை என்று கேட்கும் இடத்தில் முதன்மை வகையை யோசித்துத் தேர்ந்தெடுங்கள், அதற்குத்தான் கனம் அதிகம். கடைப் பெயரோடு 'பெஸ்ட் ஸ்வீட்மீட்ஸ் டர்பன்' என்று ஒட்ட வைக்காதீர்கள். விதிமீறல், கணக்கே முடங்கலாம்.

இங்கே ஒரு சட்ட விஷயம். வரைபடத்தில் முகவரியை மறைக்கலாம். ஆனால் தளத்தின் மூலமாக ஆர்டர் எடுத்தால், தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டத்தின் 43-ஆவது பிரிவுப்படி முழுப் பெயர், இருப்பிட முகவரி, தொலைபேசி, எல்லாக் கட்டணமும் சேர்ந்த விலை ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். தொடர்புப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

மதிப்புரைகளைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்படாதீர்கள். கல்யாண ஆர்டர் முடிந்த மறுநாள், மனது நிறைந்திருக்கும்போது, வாட்ஸ்அப்பில் கூகுளில் மதிப்புரை எழுதும் இணைப்பை அனுப்பினால் நம் ஆட்கள் எழுதுவார்கள். மதிப்புரைக்குத் தள்ளுபடியோ இலவசப் பெட்டியோ கொடுப்பது மட்டும் கூடாது. கூகுள் அதைத் தடை செய்திருக்கிறது. யாராவது குறை எழுதினால் இரண்டே வரியில் மரியாதையாகப் பதில் போடுங்கள். புதிதாக வருகிறவர் குறையைவிட அந்தப் பதிலைத்தான் கவனித்துப் படிப்பார்.

வாட்ஸ்அப் பட்டனைத் தளத்தில் வைத்திருக்கிறீர்கள், அது வேலை செய்யவில்லை. எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு, நாட்டு எண்ணான 27 என்று தொடங்க வேண்டும். கூட்டல் குறியும் இடைவெளியும் வேண்டாம். இத்தனை நாள் அதை அழுத்தியவர்கள் பேசாமல் திரும்பிப் போயிருப்பார்கள். முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

ஃபோன் செய்தவர் ஆயிரக்கணக்கான எண்கள் கொண்ட பட்டியலும் தருவதாகச் சொன்னால் வாங்காதீர்கள். போபியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் தராத ஆளுக்கு விளம்பரச் செய்தி அனுப்பக் கூடாது. உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவருக்கு அதே வகைச் சரக்கைப் பற்றி அனுப்பலாம், வேண்டாம் என்று சொல்ல வழி கொடுத்து.

இணைப்புகள் வேண்டுமானால் உண்மையான உறவுகளிலிருந்து வரட்டும். நீங்கள் பலகாரம் கொடுக்கும் கல்யாண மண்டபம், அலங்காரம் செய்கிறவர், கோயில் சங்கம் என்று யாரிடம் தளம் இருந்தாலும் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாலைந்து கிடைத்தாலும், விலைக்கு வாங்கிய நானூறைவிட மேல்.

இரண்டு மாதம் கழித்து சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள். எந்தச் சொல்லுக்கு நீங்கள் தெரிந்தீர்கள், எத்தனை பேர் தொட்டார்கள் என்று இருக்கும். நிறையப் பேருக்குத் தெரிந்தும் யாரும் தொடாத சொல் ஏதாவது இருந்தால், அந்தச் சொல்லுக்குரிய பக்கத்தின் தலைப்பைத்தான் மாற்ற வேண்டும். பதினாறு மாதக் கணக்கு அதில் இருக்கும் என்பதால் அடுத்த தீபாவளியை இந்தத் தீபாவளியோடு ஒப்பிடவும் முடியும்.

அந்த 3,500 ராண்டைச் செலவழித்தே ஆக வேண்டும் என்றால், தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் மட்டும் கூகுள் விளம்பரம் போடுங்கள். இடத்தை டர்பன் என்று வைத்த பிறகு, அதன் கீழே உள்ள விருப்பத்தையும் மாற்ற வேண்டும்: இயல்பாக அது டர்பனில் ஆர்வம் காட்டும் வெளியூர் ஆட்களுக்கும் விளம்பரத்தைக் காட்டும், டர்பனில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். விளம்பரம் போய்ச் சேரும் பக்கம் முகப்பாக இருக்க வேண்டாம், தீபாவளிப் பக்கமாகவே இருக்கட்டும்.

தளத்தின் டொமைன், அதாவது இணைய முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் அண்ணன் மகனிடம் கேளுங்கள். உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இல்லையென்றால் இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள்.