பின் சைட்டைத் தட்டும் முன்: லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் கேள்வி பதில்

மதுரைப் பக்கம் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் (விசைக்கு அடியிலுள்ள லீவரை இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள் குறைவு. இருப்பவையும் பெரும்பாலும் தாத்தா வழியில் வந்தவை. லைசென்ஸ் பேரன் பெயருக்கு மாறியிருக்கும், சைட் (குழல் மேல் குறி பார்க்கும் அமைப்பு) மட்டும் தாத்தா வைத்த இடத்திலேயே நிற்கும். ரேஞ்சில் ஆயுதப் பராமரிப்பு பார்க்கிறவன் என்பதால் என்னிடம் வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. சைட்டில் கை வைக்கும் முன் லீவரை முழுக்கத் திறந்து, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். குழலுக்கு அடியில் தோட்டாக்களை வைத்திருக்கும் டியூப் மேகசினின் வாயையும் அப்படியே. அதற்குள் ஒரு தோட்டா சிக்கிக்கொண்டு வெளியே வராமல் இருப்பது நடக்கிற காரியம்தான்.

மேலூரிலிருந்து: ஐயா, தாத்தாவுடைய வின்செஸ்டர் 94 இருக்கிறது. 50 மீட்டரில் எல்லாமே வலப்பக்கம் போகிறது. பின் சைட்டை எந்தப் பக்கம் தட்ட வேண்டும்?

இடப்பக்கம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின் சைட் நகர வேண்டும். முன் சைட்டுக்கு இது நேர் எதிர்.

ஆனால் "எல்லாமே" என்றால் எத்தனை? இரண்டு குண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். மணல் பையில் முன்கட்டையைச் சாய்த்து (குழலை அல்ல, லீவர் கீழே இறங்கவும் இடம் விட்டு) ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்து, அந்தக் கூட்டம் வலப்பக்கம் இருந்தால் மட்டுமே சைட்டின் குற்றம். சிதறி விழுந்தால் குற்றம் கையில், அல்லது ஆடுகிற திருகில்.

அப்புறம் கணக்கு. குறி தவறிய அளவை இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள நீளத்தால் பெருக்கி, இலக்கு இருக்கும் தூரத்தால் வகுங்கள். உங்கள் துப்பாக்கியில் அந்த நீளம் 400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டரில் 100 மில்லிமீட்டர் தவறினால், 100 × 400 ÷ 50,000 = 0.8 மில்லிமீட்டர். ஒரு ஏடிஎம் கார்டின் தடிமன்தான். பத்து சென்டிமீட்டர் தவறுகிறதே என்று ஓங்கி அடிக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

தட்டும் முன் சைட்டின் அடிப்பகுதியிலிருந்து குழல் வரை கூர்மையான பென்சிலால் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். பித்தளை பஞ்ச் (சுத்தியலால் தட்டுவதற்கான சின்னக் கோல்) ஒன்றை சைட்டின் அடிப்பாகத்தில் வையுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தகடான இலையில் வைத்தால் வளைந்துவிடும். சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு, பிறகு கோட்டைப் பாருங்கள். இறுகிய சைட் முதலில் அசையாது. பிறகு நினைத்ததைவிட அதிகமாகவே ஓடிவிடும். கோடு இருந்தால் பழைய இடத்துக்குத் திரும்பி வரலாம்.

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, எவ்வளவு அடித்தாலும் அசையவே இல்லை. சூடாக்கிப் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. கேஸ் அடுப்போ டார்ச்சோ பட்டால் குழலின் நீலப்பூச்சு போய்விடும்.

பின் சைட் உட்கார்ந்திருப்பது குழலின் குறுக்கே வெட்டிய காடியில். மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் இருப்பதால் சைட் மேலே கிளம்பாது, பக்கவாட்டில் மட்டுமே நகரும். பல அமெரிக்கத் துப்பாக்கிகளில் வழக்கம் என்னவென்றால், துப்பாக்கியைத் தோளில் வைத்திருப்பவர் பார்வையில் சைட் வலமிருந்து இடமாக உள்ளே ஏறும், இடமிருந்து வலமாக வெளியே வரும். முழுதாகக் கழற்றுவதாக இருந்தால் தவறான பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இலைக்கு அடியில் படிப்படியாக வெட்டிய தகடு ஒன்று இருக்கும். அதை எலிவேட்டர் என்பார்கள். முதலில் அதை உருவிவிடுங்கள். அது இருந்தால் இலை ஸ்பிரிங் போல இழுபட்டு நிற்கும், நகரும்போது குழலையும் கீறும். ஊடுருவும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். மறுநாள் குழலைத் தோலோ மரக்கட்டையோ வைத்து பெஞ்ச் வைஸில் பிடியுங்கள். தொடை மேல் வைத்து அடித்தால் அடியின் பாதி பலத்தைத் தொடையே வாங்கிக்கொள்ளும்.

உசிலம்பட்டியிலிருந்து: எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. கையால் தள்ளினாலே நகர்கிறது. எம்-சீல் வைக்கலாமா?

எம்-சீல் தண்ணீர்க் குழாய்க்கு.

சைட்டைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தில் சென்டர் பஞ்சால் நாலைந்து புள்ளி குத்துங்கள். புள்ளியைச் சுற்றி உலோகம் கொஞ்சம் மேலெழும்பி, காடிக்குள் இறுகும். குத்துவது சைட்டில் மட்டும், குழலில் ஒருபோதும் கூடாது. அது போதவில்லையென்றால் மெல்லிய பித்தளைத் தகடு ஒரு துண்டு அடியில் வையுங்கள். கடைசியாக நீல நிற லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. பிரேசிங் (உலோகத்தை உருக்கிப் பற்றவைப்பது) வைக்கலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: எலிவேட்டரைக் கடைசிப் படிக்கு இறக்கியும் மேலேதான் போகிறது. பின் சைட்டில் குறி பார்க்கும் வெட்டை அரத்தால் ஆழப்படுத்தலாமா?

வெட்டை ஆழப்படுத்தினால் குண்டு இறங்கும் என்பது உண்மை. ஆனாலும் நான் அதைச் செய்யமாட்டேன். உயரமான முன் சைட் போடுவதே நேர்வழி. முன் சைட் உயர்ந்தால் குண்டு இறங்கும். எவ்வளவு உயரம் கூட்ட வேண்டும் என்பதற்கும் மேலே சொன்ன அதே கணக்குதான். எலிவேட்டர் உச்சிப் படியில் இருந்தும் குண்டு கீழே போகிறவர்களுக்கு மட்டும் அரம் உதவும்: முன் சைட்டை நாலு இழுப்பு தேய்த்து, சுட்டுப் பார்த்து, மறுபடி நாலு இழுப்பு. தேய்ந்தது திரும்பி வராது, அதனால் அவசரம் வேண்டாம்.

இன்னொன்று, தோட்டாவை மாற்றினீர்களா என்று பாருங்கள். .30-30 வகைத் தோட்டாவில் 150 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டும் 170 கிரெயின் குண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அலங்காநல்லூரிலிருந்து: தேர்தலுக்காக ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வந்ததிலிருந்து குறி மாறிவிட்டது. யாரும் தொடவில்லை என்கிறார்கள்.

யாரும் தொட்டிருக்க வேண்டியதில்லை. நாலு துப்பாக்கியோடு சேர்த்துச் சாய்த்து வைத்தாலே சைட் இடிபடும். எலிவேட்டர் ஒரு படி நழுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேருக்கு அதுதான். அடுத்த முறை ஒப்படைக்கும் முன் சைட்டும் குழலும் சேரும் இடத்தில் நெயில் பாலிஷால் மெல்லிய கோடு ஒன்று போட்டு, எந்தப் படி என்பதையும் போனில் படம் எடுத்து வையுங்கள். திரும்பி வரும்போது கோடு விரிசல் விட்டிருந்தால் சைட் நகர்ந்திருக்கிறது. விரிசல் இல்லையென்றால் வேறு காரணம் தேடலாம்.

மதுரை நகரிலிருந்து: வயது ஐம்பத்தெட்டு. பின் சைட்டின் வெட்டு மங்கலாகத் தெரிகிறது. சைட்டை மாற்றணுமா?

மங்கலாகத்தான் தெரியும் ஐயா. வெட்டு, முன் சைட்டின் நுனியிலுள்ள மணி, இலக்கு, மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காட்டுகிற கண் இளவட்டங்களுக்கும் கிடையாது. மணி மட்டும் கூர்மையாகத் தெரிந்தால் போதும். அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனால் படிக்கிற கண்ணாடி கேட்காதீர்கள். கண்ணிலிருந்து முன் சைட் வரை உள்ள தூரத்தை அளந்து கொண்டுபோய், அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்று சொல்லுங்கள்.

அதற்கும் சரிப்படவில்லையென்றால் ரிசீவரில் (குழலுக்குப் பின்னால் இயங்கும் பாகங்கள் இருக்கும் பகுதி) பொருத்துகிற பீப் சைட். துளை வழியாகப் பார்ப்பதால் வெட்டு என்ற பேச்சே இல்லை. ஏற்கெனவே திருகு ஓட்டை இருந்தால் மட்டும் போடுங்கள். பழைய துப்பாக்கியில் புது ஓட்டை போடுவது எனக்கு மனசு வராத வேலை.

அதே ஊர், இன்னொருவர்: காலையில் சரியாக விழுகிறது, பதினோரு மணிக்கு மேல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது.

வெயில். பித்தளை மணியில் ஒரு பக்கம் வெளிச்சம் பட்டால் பளபளக்கிற அந்தப் பக்கத்தையே மணியின் நடுவென்று கண் எடுத்துக்கொள்ளும். சைட்டைத் தொடாதீர்கள், கறுப்பாக்குங்கள். சூடத்தைக் கொளுத்தி அதன் புகையைச் சைட்டில் பிடித்தால் மை போல அப்பிக்கொள்ளும், பளபளப்பே இருக்காது. தோட்டா, எண்ணெய்த் துணி எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். சுட்டு முடித்ததும் துணியால் துடைத்தால் போய்விடும்.

சோழவந்தானிலிருந்து: இவ்வளவு தொல்லைக்கு ஒரு ஸ்கோப் (தொலைநோக்கி சைட்) வைத்தால் என்ன?

மார்லின் 336 என்றால் வைக்கலாம். 1948-இல் வந்த துப்பாக்கி அது, காலித் தோட்டா பக்கவாட்டில் போகும், மேல்பக்கம் மூடியிருக்கும். பழைய வின்செஸ்டர் 94-இல் காலித் தோட்டா நேராக மேலே தெறிக்கும். ஸ்கோப் வைத்தால் அதில் போய் இடிக்கும்.

பேரையூரிலிருந்து: தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து சைட் மாற்றிக்கொள்ளலாமா? கண்மாய்க் கரையில் சுட்டுப் பார்க்கலாமா?

இரண்டும் கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுது பார்ப்பதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாதவரிடம் கொடுத்தால் அவருக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு. உங்கள் சைட்டை நீங்களே நாலு தட்டு தட்டிச் சரிசெய்வது வேறு. அதற்கு மேற்பட்ட வேலை லைசென்ஸ் உள்ள கடைக்கு. சுட்டுப் பார்ப்பது ரேஞ்சில். கண்மாய்த் தண்ணீரில் பட்ட குண்டு தெறித்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அழகர்மலை அடிவாரத்திலிருந்து: தோட்டத்தில் காட்டுப்பன்றி...

வனத்துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

மேலூர்க்காரர் மறுபடியும்: ஐயா, கூர்முனைக் குண்டு போட்டால் குறி இன்னும் நன்றாக வருமா?

டியூப் மேகசினில் கூர்முனைக் குண்டு கூடவே கூடாது. டியூபில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் முனை முன்னால் இருப்பதன் பிரைமரில் (தோட்டாவின் அடியில், குத்தினால் தீப்பற்றும் சின்ன மூடி) முட்டிக்கொண்டிருக்கும். சுடும்போது வருகிற உதையில் அது குத்திவிட்டால் டியூபுக்குள்ளேயே வெடிக்கும், உங்கள் இடது கை அந்த டியூபைத்தான் பிடித்திருக்கும். தட்டை முனைக் குண்டு மட்டும் போடுங்கள். ஐந்து சுட்டுவிட்டு இலக்குக் காகிதத்தை அடுத்த வாரம் கொண்டுவாருங்கள், கணக்கைச் சேர்ந்து போடலாம்.