வீட்டுக்குள் வளர்க்கும் ஆர்க்கிட்டில் அசுவினி வந்துவிட்டது. பாதுகாப்பாக எப்படி ஒழிப்பது?

பூத்தண்டிலும் மொட்டிலும் அசுவினி, அதாவது செடிச் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சிகள், பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன, மருந்து அடிக்கப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நல்லது. பயமே இல்லாமல் அடித்துவிட்டு ஒன்பது மொட்டில் ஏழைப் பறிகொடுத்தவள் நான். 'பாதுகாப்பாக' என்று கேட்பதைப் பார்த்தால் வீட்டில் குழந்தையோ பூனையோ இருக்கும் என்று தோன்றுகிறது. செடி ஃபெலனாப்சிஸ் என்றும் வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள் ஆர்க்கிட் என்றால் பெரும்பாலும் அதுதான்.

அவசரத்தில் இருந்தால் இந்த ஒரு பத்தி போதும். செடியை மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். தொட்டியின் வாயை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி, சிங்க்குக்குக் கொண்டுபோய், வெதுவெதுப்பான தண்ணீரில் பூச்சிகளைக் கழுவி விடுங்கள். ஐந்தாறு நாள் கழித்து மறுபடி. அப்புறம் இன்னும் இரண்டு முறை. கொஞ்சம் பூச்சிதான் என்றால் பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். மற்றதைப் பொறுமை இருந்தால் படியுங்கள், என் கதைதான்.

வேலையை விட்டபோது உடன் வேலை செய்தவர்கள் ஒரு ஆர்க்கிட் கொடுத்தார்கள். நீலப் பூ. நீலம் என்றால் பேனா மை நீலம். பூ உதிர்ந்ததும் "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கோ" என்று சொன்னவர்கள் ஐந்து பேராவது இருப்பார்கள். நான் போடவில்லை. பத்து மாதம் நான்கு இலையை மட்டும் பார்த்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். ஒருநாள் இலை இடுக்கிலிருந்து பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. வேரா, தண்டா என்று ஒரு வாரம் குழப்பம். வேரின் நுனி வழவழவென்று உருண்டையாக இருக்கும், தண்டின் நுனி கையுறை போட்ட கை மாதிரி ஒரு பக்கம் மடிந்திருக்கும். இது கையுறை. அன்றைக்கு வீட்டில் எனக்கிருந்த மகிழ்ச்சி வேறு யாருக்கும் இல்லை, அது வேறு விஷயம்.

தண்டு நீண்டு ஒன்பது மொட்டு வைத்தபோது எறும்பு வந்தது. தண்டில் பிசுபிசுப்பு. இங்கேதான் கொஞ்சம் படித்தது வினையாகிவிட்டது. ஆர்க்கிட்டில் பூச்சி எதுவும் இல்லாமலே மொட்டின் அடியிலும் கணுவிலும் தேன் கசியும். கண்ணாடி மணிபோல் ஒன்றிரண்டு துளி அப்படியே நிற்கும். அதைப் படித்து வைத்திருந்ததால், 'செடியோட தேன்தான்' என்று பத்து நாள் சும்மா இருந்துவிட்டேன். பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. செடி கசியும் தேன் அந்தந்த இடத்தில் துளியாக நிற்கும். அசுவினி வெளியேற்றும் தேன்கழிவு கீழே உள்ள இலைமேல் மெல்லிய பசைப் படலமாகப் படியும், விரலை வைத்தால் ஒட்டும். அப்படியே விட்டால் அதன்மேல் கரி பூசியதுபோல் கரும்பூஞ்சை வளரும்.

போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். மொட்டும் காம்பும் சேரும் இடத்தில் அரிசி நொய்யைவிடச் சின்னதாக, வெளிர்பச்சையில் ஒரு கூட்டமே தலையைக் குத்திக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்பக்கம் இரண்டு சின்னக் குழல். அசுவினிக்கு அதுதான் அடையாளம், மாவுப்பூச்சிக்கும் செதில்பூச்சிக்கும் கிடையாது. இடையிடையே வெள்ளைத் தூசுபோல் கிடந்தவை அவை உரித்துப்போட்ட சட்டைகள். அதை வேறொரு பூச்சி என்று நினைத்து இரண்டு வைத்தியம் தொடங்கிவிடாதீர்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய ஒன்றின் பின்புறத்திலிருந்து ஒரு குட்டி, கால் எல்லாம் முளைத்தபடி, பின்பக்கமாக வெளியே வந்தது. அசுவினிப் பெண் ஆண் துணையில்லாமலே குட்டி போடும். கதகதப்பான அறையில் அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை என்று மேலே சொன்னதன் கணக்கு இதுதான்.

எனக்குப் பதற்றம். இணையத்தில் எல்லாரும் 'பாத்திரம் கழுவும் லிக்விட் ரெண்டு சொட்டு' என்கிறார்கள். இரண்டு சொட்டில் என்ன ஆகும் என்று இரண்டு ஸ்பூன் ஊற்றினேன். நல்ல வெயில் நேரத்தில், ஜன்னல் ஓரத்திலேயே வைத்து, சொட்டச் சொட்ட அடித்தேன். கழுவவும் இல்லை. மூன்றாம் நாள் மொட்டுகள் மஞ்சளாகி, தொட்டால் கையோடு வந்தன. இலையில் பளபளப்புப் போய் ஈரச் சுண்ணாம்பு காய்ந்ததுபோல் திட்டுத் திட்டாக ஆனது. வறண்ட காற்றாலோ, செடியை இடம் மாற்றியதாலோ, பக்கத்தில் பழம் பழுப்பதாலோகூட மொட்டு உதிரும், எனக்கும் தெரியும், யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் மூன்றே நாளில் ஏழு மொட்டு உதிர்ந்ததற்கு வேறு ஆளைத் தேட எனக்கு மனம் வரவில்லை.

பாத்திரம் கழுவும் லிக்விட் உண்மையில் சோப்பே அல்ல, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்த டிடர்ஜென்ட். பூச்சியின் மேல்தோலைப் பதம் பார்ப்பதுபோலவே இலையின் மெழுகையும் எடுத்துவிடும். செடிக்கென்றே விற்கும் பொட்டாசியம் சோப்பு வேறு, அதில் கொழுப்பு அமிலங்களின் பொட்டாசிய உப்புதான் இருக்கிறது. அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குமேல் ஒரு துளி வேண்டாம். தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் சோப்பு திரிந்து போகும், காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்குங்கள். காய்ந்துவிட்டால் அதற்கு வேலை இல்லை, பூச்சிமேல் பட்டால்தான் சாகும். என் அசுவினிகளில் பாதி மொட்டின் அடிச்செதிலுக்குள் சௌக்கியமாக இருந்தன. மொட்டுதான் போனது, பூச்சி போகவில்லை.

இனி வரும் பகுதி அசுவினி இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மீந்த இரண்டு மொட்டு விரிந்தன. வெள்ளை! சுத்த வெள்ளை. சோப்புப் பட்டுச் சாயம் போய்விட்டது என்றே நம்பினேன். கணவர் பார்த்துவிட்டு, "துணியத்தான் வெளுப்பேன்னு நெனச்சேன், பூவையும் வெளுத்துட்டியே" என்றார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டும் விட்டார். ஒரு மாதம் குற்ற உணர்ச்சியோடு திரிந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மை நீல ஃபெலனாப்சிஸ் வெள்ளைப் பூச் செடியின் தண்டில் சாயம் ஏற்றித் தயாரிப்பது என்று. பழைய தண்டை வெட்டி வைத்திருந்தேன், எடுத்துப் பார்த்தேன். அடியில் ஒரு சின்ன ஓட்டை, மேலே மெழுகு வைத்து அடைத்திருந்தது. அடுத்த முறை வெள்ளையாகத்தான் பூக்கும் என்று அட்டையில் ஒரு வரி போட்டால் விற்கிறவருக்கு என்ன குறைந்துவிடும்? குழுவில் திருத்தம் போடச் சொன்னேன். இன்றுவரை போடவில்லை.

சரி, பூச்சிக்கு வருகிறேன். பிறகு நான் செய்தது தண்ணீர்தான். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரின் வேகத்தில் முறிந்துவிடும். மொட்டின் அடியில், இலையின் பின்புறத்தில், இலை இடுக்கில் நீர் படவேண்டும். ஒளிந்திருப்பவற்றை மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளிவிட்டேன். முடிந்ததும் இலைகள் கூடும் நடுக்குருத்தில் தேங்கிய தண்ணீரை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். இதை மறந்தால் குருத்து அழுகும், அப்புறம் அசுவினி உங்கள் கவலையாக இருக்காது. காலையில் செய்தால் பகலுக்குள் காய்ந்துவிடும்.

அதற்கும் மசியாதவற்றுக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். காது குடையும் பட் ஒன்றை நனைத்து, பிழிந்து, பூச்சிமேல் மட்டும் தொட வேண்டும். பூவில் படக்கூடாது. முதலில் ஒரு இலையின் ஓரத்தில் தொட்டு இரண்டு நாள் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது.

வேப்பெண்ணெய்க்காரர்கள் இதற்குள் கோபத்தில் இருப்பார்கள். நான் வேப்பெண்ணெய்க்கு எதிரி இல்லை. பூவும் மொட்டும் இல்லாத செடியில், வெயில் படாத நேரத்தில் அடியுங்கள், நன்றாகவே வேலை செய்யும். மொட்டுள்ள தண்டில் எண்ணெய் பட்டால் கருகும் ஆபத்து உண்டு, அவ்வளவுதான் சொல்கிறேன்.

தண்டு முழுக்க அப்பிக்கொண்டு கழுவ முடியாத நிலை என்றால் தண்டையே வெட்டிவிடலாம், செடி பிழைக்கும், அடுத்த தண்டு வரும். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் முன்னால் சுத்தம் செய்துகொள்ளுங்கள், ஆர்க்கிட்டுக்கு வரும் வைரஸ் நோய்கள் கத்தி கத்தரி வழியாகவும் பரவும். தழைச்சத்து உரத்தைக் கொட்டாதீர்கள். கொழுகொழு என்று வரும் இளந்தளிர் அசுவினிக்கு விருந்து. எனக்கு எப்படி வந்தது என்று யோசித்தால், புதிதாக வாங்கிய ரோஜாச் செடியை அன்றே இதன் பக்கத்தில் வைத்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். கூட்டம் நெருக்கடியானால் அசுவினியில் சிலதுக்கு இறக்கை முளைக்கும், பக்கத்துச் செடிக்குத் தாவ அது போதும். இப்போது புதுச் செடி எதுவானாலும் இரண்டு வாரம் தனி அறையில்தான்.

பூனை இருந்தால் ஒன்று மட்டும். ஃபெலனாப்சிஸ் இலையைக் கடித்தாலும் பூனைக்கு நஞ்சில்லை. ஆனால் வீட்டில் கரப்பானுக்கு வைத்திருக்கும் ஸ்ப்ரேயை எடுத்துச் செடியில் அடித்துவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் பைரித்ராய்டு மருந்து இருக்கும், அந்த வகையில் பெர்மெத்ரின் போன்றவை பூனைக்குக் கொடிய நஞ்சு. செடிக்கும் ஆகாது.

என் செடி இப்போது அடுத்த தண்டு விட்டிருக்கிறது, பதினொரு மொட்டு. வாரம் ஒருமுறை போன் கேமராவில் ஒவ்வொன்றின் அடியையும் பார்க்கிறேன். நேற்று ஒன்றே ஒன்று இருந்தது. விரலால் நசுக்கிவிட்டேன்.