கொடைக்கானல் சம்மர் கேம்ப்: ராத்திரி யார் இருப்பார்கள் என்று கேட்டீர்களா?

கேள்வி: எங்கள் மகளுக்கு 9 வயது. மே மாதம் கொடைக்கானலில் ஒரு வாரம் தங்கும் சம்மர் கேம்புக்கு அனுப்ப நினைக்கிறோம். மூன்று கேம்ப்களின் நோட்டீஸ் கையில் இருக்கிறது. எதில் ஆக்டிவிட்டி அதிகம், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

ஆக்டிவிட்டியை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கயிறு ஏறுவது, ஜிப் லைன், கூடாரம், கேம்ப் ஃபயர், ட்ரெக்கிங் என்று ஒரே பட்டியல்தான் இருக்கும். நான் பார்த்த வரையில் கயிறு கட்டுகிற ஆட்களும் பல கேம்புக்கு அதே ஆட்கள்தான். இன்று இங்கே அவிழ்த்து நாளை அங்கே கட்டுவார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கை அணைத்த பிறகு, விடிகிற வரைக்கும் என் பிள்ளை படுக்கிற அறையில் எந்தப் பெரிய ஆள் இருப்பார்? அவர் பெயர் என்ன? இதைக் கேட்டதும் போனில் எதிர்முனையில் இருப்பவர் கொஞ்சம் தடுமாறினால், அந்த நோட்டீஸை மடித்து வைத்துவிடுங்கள்.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நான் கொடைக்கானல் நாயுடுபுரத்துக்காரி. ஒரு பள்ளி ஹாஸ்டலில் மேட்ரனாக இருந்து ரிட்டையர் ஆனவள். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஹாஸ்டல் கட்டடத்தை கேம்ப் நடத்துகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். கட்டில், மெத்தை, பக்கெட்டோடு சேர்த்து எங்களையும்தான். அதனால் எந்த கேம்ப் கம்பெனி எப்படி என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதது எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். போனில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பற்றியும் நானே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறேன். சென்னையோ கோவையோ, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், லீவில் பிள்ளை நாள் முழுக்க போனும் கையுமாக இருக்கிறது, தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்ப வழியில்லை. தப்பு என்றால் மன்னிக்கவும். இங்கே வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களை அனுப்பக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. தலை பின்னிக்கொள்ளத் தெரியாமல் வந்து, போகும்போது பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் பின்னிவிட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். “கேம்பைப் பற்றியே தப்பாகப் பேசுகிறார்” என்று கமெண்ட் போட வருகிறவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

பகலில் ஒரே கலரில் டீஷர்ட் போட்ட இளைஞர்கள் விசில் ஊதிக்கொண்டு பிள்ளைகளைச் சுற்றி நிற்பார்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வருவதும் அந்தப் படங்கள்தான். காலேஜ் முடித்ததும் முடிக்காததுமாக இருக்கும் பசங்கள், ஓடியாடி வேலை செய்வார்கள், குறை சொல்ல மாட்டேன். ராத்திரி ஆனால் அவர்களும் அசந்து வேறு பிளாக்கில் போய்ப் படுத்துவிடுவார்கள். டார்மிட்டரிக்கு மிஞ்சுவது ஒரு மேட்ரன். சில இடத்தில் அதுவும் கிடையாது, வாசலில் வாட்ச்மேன் மட்டும்.

அமெரிக்காவில் இந்த மாதிரி தங்கும் கேம்ப் நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. அங்கே கேம்ப்களுக்குத் தரச்சான்று கொடுக்கிற அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன், தங்கும் கேம்பில் 9 முதல் 14 வயது வரை 8 பிள்ளைகளுக்கு ஒரு ஆள், 6 முதல் 8 வயது வரை 6 பிள்ளைகளுக்கு ஒரு ஆள் என்று வைத்திருக்கிறது. “அது அமெரிக்கா, இது கொடைக்கானல்” என்பீர்கள். சரி. நோட்டீஸில் ‘இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்ட்’ என்று அச்சடித்தது நானா? நீங்கள் ஒன்று செய்யுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேட்டால் பகல் கணக்கைச் சொல்வார்கள். ராத்திரி கணக்கைத் தனியாகக் கேளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு மே மாதம் வில்பட்டிப் பக்கம் ஒரு இடத்தில் கேம்புக்குப் போயிருந்தேன். எங்கள் ஹாஸ்டலில் இல்லை, வேறு இடம், மேட்ரன் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். உங்கள் மகள் வயதுதான் அந்தப் பிள்ளைக்கும். சாயங்காலம் மழை. விறகு நனைந்துவிட்டது. ஆனாலும் அட்டவணையில் கேம்ப் ஃபயர் இருக்கிறதே, விடுவார்களா? ஈர யூகலிப்டஸ் கட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார்கள். நெருப்பைவிடப் புகைதான் அதிகம். பிள்ளைகளுக்கு அது ஒரு கொண்டாட்டம்தான், ஆடினார்கள், பாடினார்கள், படுத்தார்கள்.

நடு ராத்திரி தாண்டி ஒரு சத்தம். விசில் மாதிரி. பல வருஷம் பிள்ளைகள் மூச்சு விடுவதைக் கேட்டே தூங்கிப் பழகியவள் நான், எழுந்து போய்ப் பார்த்தால் இந்தப் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, கழுத்து நரம்பு தெரிய இழுத்துக்கொண்டிருக்கிறது. வீசிங். “இன்ஹேலர் இருக்கா கண்ணு?” என்றால் தலையை ஆட்டுகிறது, இல்லை என்று. படிவத்தை எடுத்துப் பார்த்தேன். உடல்நலப் பிரச்சினை எதுவும் உண்டா என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் ‘இல்லை’.

பொறுப்பாளர் தம்பிக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. ஓடிப்போய் அந்த பிளாக் கதவைத் தட்டி எழுப்பினேன். வண்டி எங்கே என்றால், அடுத்த பேட்ச் பிள்ளைகளை ஏற்ற வத்தலக்குண்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இருந்தது ஒரே வண்டி. நான் தெரிந்த ஒரு பிக்கப்காரருக்குப் போன் செய்தேன். கேரட், பீன்ஸ் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ராத்திரியில் போகிறவர். நல்ல வேளை, லோடு ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார். முன்சீட்டில் பிள்ளையை மடியில் சாய்த்து உட்கார வைத்து, ஒரு கம்பளியைச் சுற்றி, டவுன் அரசு மருத்துவமனைக்குப் போனோம். டியூட்டியில் இருந்த டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை, நேராக நெபுலைசர் போட்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு மூச்சு சீரானது. “மிஸ், ஜிப் லைன் நாளைக்குதானே?” என்று கேட்டது. அடிக்கலாமா என்று இருந்தது எனக்கு.

காலையில் அம்மாவுக்குப் போன் செய்தோம். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, பயத்தில் இருப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “எதுக்கு கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க?” அடுத்தது, “வீசிங் சொன்னா சேர்த்துக்க மாட்டாங்கன்னுதான் எழுதலை.” நான் ஒன்றும் சொல்லவில்லை, போனைப் பொறுப்பாளர் கையில் கொடுத்துவிட்டேன். பிற்பாடு கூகுளில் ஐந்து ஸ்டார் போட்டு, அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லி, ‘சொந்த அண்ணன் போல் பார்த்துக்கொண்டார்’ என்று எழுதியிருந்தார்கள். பிக்கப்காரருக்கு அன்று மார்க்கெட்டில் ஏலம் முடிந்துபோன பிறகுதான் கேரட் போய்ச் சேர்ந்தது. அவருக்கு நஷ்டத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

அதனால் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். வீசிங், வலிப்பு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, எல்லாம். இந்த ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மே மாதத்திலும் விடியற்காலையில் 12, 13 டிகிரிக்கு இறங்கும். குளிரும் புகையும் சேர்ந்தால் சென்னையில் வருஷக்கணக்கில் வராத இழுப்பும் இங்கே வரும். உண்மையைச் சொன்னதற்காக ஒரு கேம்ப் சேர்க்க மறுத்தால் அதுவும் நல்லதுதான், அவர்களால் பார்த்துக்கொள்ள முடியாது என்று முன்னாலேயே தெரிந்துவிட்டதே. ராத்திரி ஒரு வண்டியும் ஓட்டத் தெரிந்த ஆளும் வளாகத்திலேயே இருப்பார்களா என்று கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்க வேண்டும். வத்தலக்குண்டு இறங்கவே இரண்டு மணி நேரம் ஆகும்.

படுக்கையை நனைக்கிற பழக்கம் இருந்தால் அதைப் படிவத்தில் எழுதக் கூச்சமாக இருக்கும். எழுத வேண்டாம், மேட்ரனிடம் தனியாகச் சொல்லுங்கள். ஒன்பது வயதில் அது இருக்கிற பிள்ளைகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம், குளிர் ஊரில் இன்னும் அதிகம். சொன்னால் படுக்கப் போகும் முன்பும் நடுவில் ஒரு தடவையும் எழுப்பிக் கூட்டிப்போவோம், பக்கத்துக் கட்டிலுக்குக்கூடத் தெரியாது. சொல்லாவிட்டால் பிள்ளை ஈரத் துணியைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் சுற்றும்.

ட்ரெக்கிங் பற்றி. ‘நைட் ட்ரெக்’ என்று போட்டிருந்தால் வேண்டவே வேண்டாம். ராத்திரியில் காட்டுமாடு எங்கள் தெருவுக்குள்ளேயே வந்து நிற்கும், கேட்டைத் திறந்தால் எதிரே நிற்கும். பகலிலும் காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி இருக்க வேண்டும். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தது நினைவிருக்கும். அதே வருஷம்தான் அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. எந்தப் பாதை, அனுமதிச் சீட்டு யார் பெயரில் என்று கேட்டால் ஒழுங்கான கேம்ப் உடனே சொல்லும். “அதெல்லாம் நம்ம லோக்கல் ஆள் பார்த்துப்பார் மேடம்” என்றால், அந்த லோக்கல் ஆள் என் சொந்தக்காரப் பையனாகக்கூட இருக்கலாம், அப்போதும் அனுப்பாதீர்கள்.

மே மாதம் மத்தியானத்துக்கு மேல் மழையும் இடியும் சகஜம். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு “ரெயின் டான்ஸ்” என்று பதில் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். மழை வராத நாளில் டேங்கர் தண்ணீரை ஷவரில் விட்டு ஆட வைத்தார். எங்கள் தெருவில் அப்போது குழாயில் தண்ணீர் வந்து பல நாள் ஆகியிருந்தது. சீசன் வந்தால் ஊருக்கு இதே கதைதான். மனோரஞ்சிதம் அணையில் இருக்கிற தண்ணீர் ஊர்க்காரர்களுக்கும், லாட்ஜுக்கும், காட்டேஜுக்கும், இப்போது டான்ஸுக்கும் போதாது. குடம் தூக்கிக்கொண்டு நிற்பது மட்டும் நாங்கள். வண்டி கூட்டம் இன்னொரு பக்கம். மூஞ்சிக்கல்லிலிருந்து ஏழு ரோடு வரை ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நின்றதை நானே பார்த்தேன். 2024 மே மாதம், வெளியூர் வண்டி மலைக்கு வர ஆன்லைனில் எடுக்கிற இ-பாஸ் வந்தது. 2025-ல் உயர் நீதிமன்றம் சாதாரண நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தது. வைத்தும் சனிக்கிழமை மலைப் பாதையில் சில்வர் கேஸ்கேட் அருவிப் பக்கம் போய்ப் பாருங்கள். சரி, இது உங்கள் கேள்வி இல்லை. ஆனாலும் ஒன்று உங்களுக்கு உபயோகப்படும். கேம்ப் முடிகிற நாள் சனிக்கிழமையாக இருந்தால், காரில் வந்து பிள்ளையைக் கூட்டிப்போக இ-பாஸ் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஆள் சரிபார்ப்பைப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள். சமையல்காரர், டிரைவர், கயிறு கட்டுபவர் வரைக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கிறதா, எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக அறையில் இருக்கக் கூடாது என்ற விதி உண்டா என்று கேளுங்கள். பிள்ளையிடம் யாராவது தப்பாக நடந்தது தெரிந்தால் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்பது, பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கிற 2012 போக்சோ சட்டம், கேம்பின் பெயர் கெடும் என்று மூடி மறைக்க யாருக்கும் உரிமை கிடையாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மகளுக்கு மனப்பாடம் செய்துவிடுங்கள். கேம்ப் நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று சிலர் பயப்படுவார்கள். கோபித்துக்கொள்ளட்டுமே.

அழுகை வரும். முதல் ராத்திரி புதுசு என்ற உற்சாகத்தில் தூங்கிவிடும், இரண்டாம் மூன்றாம் ராத்திரிதான் அம்மா ஞாபகம். இருட்டுகிற நேரத்தில் ஆரம்பிக்கும். “அழுதா உடனே வந்து கூட்டிட்டு வந்துடறேன்” என்று சொல்லி அனுப்பாதீர்கள். அந்த ஒரு வாக்கு போதும், பிள்ளை வந்ததிலிருந்து அதையே பிடித்துக்கொண்டு இருக்கும், வேறு எதிலும் மனசு போகாது. தினமும் போனில் பேச வைக்கச் சொல்லி வற்புறுத்துவதும் வேண்டாம், சும்மா விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை அம்மா குரலைக் கேட்டதும்தான் அழும். மேட்ரன் நம்பரை வாங்கிக்கொண்டு நீங்கள் அவரோடு பேசுங்கள். கேம்ப்காரர்கள் மேட்ரன் நம்பரைத் தர மாட்டேன் என்றால் ஏன் என்று கேளுங்கள். பத்து வயதுக்குக் கீழே என்றால் என் அபிப்பிராயம், முதல் தடவை மூன்று நாள் கேம்ப் போதும். வேறு மேட்ரன்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

சாமான் விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஸ்வெட்டர் இரண்டு, சாக்ஸ் நிறைய. மழைக்கு அப்புறம் புல்லில் நடந்தால் அட்டை ஏறும், நனைந்த சாக்ஸ் இங்கே இரண்டு நாளானாலும் காயாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள், ஐந்து லிட்டருக்குக் குறைந்தது என்றால் இங்கே ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி கேட்பார்கள். ஸ்டீல் பாட்டில் ஒன்று போதும். மலை ஏறும் நாளில் வத்தலக்குண்டில் பரோட்டா வாங்கிக் கொடுக்காதீர்கள், டம்டம் பாறை தாண்டுவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

எந்த கேம்ப் நல்லது என்று பெயர் கேட்டு யாரும் இன்பாக்ஸில் வர வேண்டாம். நல்லதையும் சொல்ல மாட்டேன், கெட்டதையும் சொல்ல மாட்டேன். இந்த ஊரில்தான் நான் இன்னும் குடியிருக்கிறேன்.