ஆறரை லட்சம் ரூபாய் அடுப்பும் ஈர விறகும்

கேள்வி: நான் நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. துரை பங்களா ஒன்றிலிருந்து வாங்கிய பழைய வார்ப்பிரும்பு அடுப்பில்தான் வீட்டுக்குச் சூடேற்றுகிறோம். குளிரும் அடைமழையுமாக வருடத்தில் ஆறு மாதம் எரியும். மாதம் இரண்டு லோடு விறகு. கொழுந்தனார் கொண்டுவந்து போடுவார், லோடு 10,000 ரூபாய். வெளியில் 8,000. அவருடைய லொறி லீசிங்குக்காக ஒவ்வொரு நவம்பரும் சங்கிலியை அடகு வைத்து 1,20,000 ரூபாய் முற்பணம் கொடுப்பேன், விறகாகக் கழிப்பார். அடகு வட்டி வருடத்துக்கு 21,000 வருகிறது. விறகோ நுரை தள்ளிப் புகைகிறது, மாமியாருக்கு ஓயாத இருமல். புதுரக அடுப்பு என்றால் பாதி விறகு போதும் என்கிறான் அண்ணன் மகன். விலை 6,50,000, தவணையில் மாதம் 26,000 வீதம் 36 மாதம். வாங்கலாமா?

பதில்: டீச்சர், இப்போது வாங்காதீர்கள்.

புதுரக அடுப்புகள் நல்லவை, அதில் சந்தேகமில்லை. விறகிலிருந்து எழும் புகைக்குள் சூடான காற்றைச் செலுத்தி அதையும் எரித்துவிடும். அமெரிக்காவில் 2020இலிருந்து விற்கும் அடுப்பு மணிக்கு சுமார் 2 கிராம் புகைத்துகளுக்கு மேல் விடக்கூடாது; பழையவை 15, 30 கிராம் என்று விட்டவை. ஆனால் "பாதி விறகு" என்பது கூட்டிச் சொன்ன கணக்கு. பழைய அடுப்பு விறகின் சூட்டில் நூற்றுக்கு 55 பங்கை வீட்டுக்குத் தருகிறது, புதியது 75 தரும் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். உங்கள் 1,20,000 ரூபாய் விறகில் அது வருடத்துக்கு 32,000. தவணையில் மொத்தம் 9,36,000 கட்டுவீர்கள். அதை மீட்க 29 வருடம் ஆகும்.

அந்த 75உம் காய்ந்த விறகில் அளந்தது. உங்கள் விறகு நுரை தள்ளுகிறதே, அது பச்சை மரம். வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே சூட்டில் ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது. அடுப்பும் போதிய அளவு சூடாகாததால் புகை எரியாமல் தாராகக் குழாயில் படிகிறது. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய அடுப்பிலும் இதேதான் நடக்கும்.

கொழுந்தனாரிடமிருந்து ஏன் பச்சை விறகு வருகிறது? காசு முன்பே கைக்கு வந்துவிட்டது, காயவைக்க அவருக்கு அவசியமில்லை. உங்கள் பணம் கரைவது அந்த நவம்பர் அடகில்தான். கூட்டிப் பாருங்கள்: கூடுதல் விலை 24,000, வட்டி 21,000, தண்ணீருக்குப் போகும் விறகு, வெளி விலையில், சுமார் 14,000. வருடம் 59,000! புது அடுப்பு மிச்சம் பிடிப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இம்முறை சங்கிலியை மீட்டதும் திரும்ப வைக்காதீர்கள். கொழுந்தனாரிடமே வாங்குங்கள், தவறில்லை. ஆனால் வெளி விலைக்கு, லோடு இறங்கிய பிறகு காசு. லீசிங்குக்கு அவர் கேட்டால், ஓய்வூதியத்தில் திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகை எதுவோ அதை மட்டும் கொடுங்கள். அதை விறகோடு சேர்க்கவே வேண்டாம். சங்கடமாகத்தான் இருக்கும், தெரிகிறது. ஆனால் அவர் லொறிக்கு உங்கள் கழுத்துச் சங்கிலி பிணை நிற்பது எத்தனை வருடத்துக்கு?

அடுத்த பருவ விறகை பெப்ரவரி, மார்ச் வெயிலிலேயே வாங்கி, சிறிதாகப் பிளந்து, தரையில் படாமல் அடுக்குங்கள். மேலே தகரம், பக்கங்கள் திறந்திருக்கட்டும். மூடிக் கட்டினால் நம் ஊர் மூடுபனியில் பூஞ்சைதான் பிடிக்கும். ஒன்றோடொன்று தட்டும்போது மந்தமாக இல்லாமல் கணீரென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது.

மாமியாரின் இருமலுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள். புகைபோக்கியை இந்த வாரமே துடைப்பியுங்கள். அடுப்பு ஆறியிருக்கும்போது கதவிடுக்கில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் புகை கசியாமல் கதவைச் சுற்றி அடைத்திருக்கும் கயிறு தேய்ந்திருக்கிறது, மாற்றுவதற்குச் சில ஆயிரம்தான் ஆகும். அடுப்பின் உடம்பிலேயே வெடிப்பு இருந்தால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது அதில் எரிக்கவே கூடாது. கைக்காசில் எந்த அடுப்பு வாங்கலாம் என்று பார்ப்போம்.