பிளாஸ்மாவை அளக்க லேசர் எதற்கு?

கேள்வி: எங்கள் வீட்டுக் கலிமந்தாங் விளக்கினுள் (குழல்விளக்கு) இருப்பதும் பிளாஸ்மாதான், அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளும் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) கலந்த வாயுதான் என்று இயற்பியல் ஆசிரியர் சொன்னார். மெல்லிய உலோகக் கம்பி ஒன்றை உள்ளே நுழைத்தால் பிளாஸ்மாவை அளந்துவிடலாம் என்று படித்திருக்கிறேன். பிறகு ஆய்வுக்கூடங்களில் லேசரை ஏன் தேடிப்போகிறார்கள்?
- ஆறாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட், பேராக்.

பதில்: நீங்கள் குறிப்பிடும் கம்பிக்கு லாங்மியர் கம்பி என்று பெயர். எலக்ட்ரான்களின் வெப்பநிலையையும் அடர்த்தியையும் அறிய அது இன்றும் நல்ல கருவிதான். ஆனால் அது மின்னோட்டத்தை உறிஞ்சித்தான் அளக்கிறது என்பதால், தான் நிற்கும் இடத்தையே கலைத்துவிடுகிறது. மின்னூட்டம் இல்லாத அணுக்களைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. (வீட்டு விளக்கை உடைத்து முயன்று பார்க்க வேண்டாம், அதிலுள்ள பாதரசம் நஞ்சு.)

லேசர் முறையில் எதையும் உள்ளே நுழைப்பதில்லை. ஆர்கான் பிளாஸ்மாவை எடுத்துக்கொள்வோம். 668.6 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரைச் செலுத்தினால், அதற்குப் பொருத்தமான ஆற்றல் மட்டத்தில் இருக்கும் ஆர்கான் அயனி அதை விழுங்கி மேல் மட்டத்துக்கு ஏறி, வேறொரு மட்டத்துக்கு இறங்கும்போது 442.7 நானோமீட்டரில் நீல ஊதா ஒளியை உமிழ்கிறது. இதுவே உடனொளிர்வு. போன நிறம் வேறு, வந்த நிறம் வேறு என்பதால், சிதறும் லேசர் ஒளியை வடிகட்டியால் தடுத்துவிடலாம். லேசர் கற்றையும் பக்கவாட்டில் நோக்கும் லென்ஸின் பார்வையும் வெட்டிக்கொள்ளும் சிறு பகுதியிலிருந்து மட்டுமே ஒளி திரட்டப்படுவதால், பிளாஸ்மாவின் எந்த இடத்தை அளக்கிறோம் என்பதும் தெளிவாகத் தெரியும். பிளாஸ்மா தானே உமிழும் ஒளியை வெறுமனே பார்த்தால் இந்த வசதி கிடையாது. பார்வைக் கோட்டில் உள்ள அனைத்தும் கலந்தே வரும்.

ஆனால், என் கணிப்பில், இம்முறையின் உண்மையான பலம் வேகத்தை அளப்பதில்தான் இருக்கிறது. உங்கள் ஊர் நிலையத்தைக் கடந்து போகும் ரயிலின் ஊதல், நெருங்கும்போது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பதைப் போல, நகரும் அயனிக்கு லேசரின் அதிர்வெண் மாறித் தோன்றும். லேசரின் திசையில் நொடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் செல்லும் ஆர்கான் அயனிக்கு இந்த மாற்றம் ஏறக்குறைய 1.5 கிகாஹெர்ட்ஸ், அலைநீளத்தில் சொன்னால் 0.0022 நானோமீட்டர்தான். ஆகவே லேசரின் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று பதிவுசெய்தால், எத்தனை அயனிகள் எந்த வேகத்தில் செல்கின்றன என்ற வளைவரை கிடைக்கிறது. அதன் அகலம் வெப்பநிலையைக் காட்டும். மையத்தின் நகர்வு மொத்த ஓட்டத்தைக் காட்டும். விண்கலங்களை நகர்த்தும் ஹால் உந்திகளிலும் செனான் அயனிகளின் வேகத்தை இவ்வாறே, 834.7 நானோமீட்டர் லேசரைக் கொண்டு அளக்கிறார்கள்.

அடர்த்தி என்று வரும்போது மட்டும் கவனம் தேவை. நாம் காண்பது லேசருக்குப் பொருந்திய அந்த ஒரு மட்டத்து அயனிகளை மட்டுமே. மொத்த எண்ணிக்கையைச் சொல்ல வேண்டுமானால், மற்ற மட்டங்களில் எத்தனை உள்ளன என்பதைத் தனியே கணக்கிட வேண்டும், கருவியையும் தனியே அளவுதிருத்தம் செய்ய வேண்டும். அந்த வேலைக்குப் பல ஆய்வாளர்கள் நீங்கள் படித்த அதே கம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.