கிரெடிட் கார்டு பாக்கி இருக்கும்போது எஸ்ஐபி தொடங்கலாமா?

கேள்வி: மாதச் சம்பளம் 30,000. கார்டில் 40,000 ரூபாய் பாக்கி, மினிமம் டியூ (மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டி வருகிறேன். எஸ்ஐபி தொடங்கலாமா?

எஸ்ஐபி, அதாவது மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகையை முதலீடு செய்வது, இப்போதைக்கு வேண்டாம். முதலில் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். மினிமம் டியூ 5 சதவீதம் என்றால் 2,000 ரூபாய் கட்டுவீர்கள். மீதி 38,000-க்கு மாதம் 3.5 சதவீத வட்டி 1,330. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி ஏறக்குறைய 239. ஆக, நீங்கள் கட்டிய 2,000-ல் அசலில் குறைவது 431 ரூபாய்தான். ஆண்டுக்கு 42 சதவீத வட்டியை எந்த மியூச்சுவல் ஃபண்டும் நிச்சயமாக ஈட்டித் தராது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: பாக்கி இருக்கும்வரை வட்டியில்லாக் காலம் கிடையாது. இன்று வாங்கும் மளிகைக்கும் இன்றிலிருந்தே வட்டி. அதனால் கார்டை எடுத்து உள்ளே வையுங்கள். வட்டி நாள்கணக்கில் ஓடுவதால், கடைசித் தேதிவரை காத்திராமல் சம்பளம் வந்த அன்றே முடிந்ததைக் கட்டுங்கள்.

மொத்தமாக அடைக்க முடியாவிட்டால், பாக்கியை இஎம்ஐ-ஆக மாற்றித் தரும்படி வங்கியிடம் கேளுங்கள். வட்டி பெரும்பாலும் பாதிக்கும் கீழே வரும். பிராசசிங் கட்டணத்தையும், முன்கூட்டியே அடைத்தால் பிடிக்கும் தொகையையும் விசாரித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கும் 'செட்டில்மென்ட்' பேச்சுக்கு மட்டும் இணங்காதீர்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது பல ஆண்டுகள் நிற்கும்.

கடன் தீர்ந்ததும் ஆட்டோ டெபிட்டை 'மொத்த பாக்கி' என்று மாற்றுங்கள். பிறகு மூன்று மாதச் செலவுக்கான பணத்தை ஆர்டி-யில் (மாதாமாதம் கட்டும் வங்கி வைப்பு) சேர்த்துவிட்டு, எஸ்ஐபி தொடங்குங்கள்.