6 எபிசோடா, 22 எபிசோடா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘தி ஆஃபிஸ்’ என்ற அலுவலக நகைச்சுவைத் தொடரின் பிரிட்டிஷ், அமெரிக்க வடிவங்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். முதலாவது சட்டென்று முடிந்துவிட்டது. இரண்டாவது முடிவேனா என்றது. ஒரு சீசனுக்கு எத்தனை எபிசோட் இருந்தால் சரி? குறைவாக இருந்தால்தான் தரம் என்கிறார்கள் நண்பர்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன்.

பிரிட்டனில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து ஒரு தொடர் முழுவதையும் எழுதுகிறார்கள். ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ நகைச்சுவைத் தொடர் ஜான் கிளீஸ், கானி பூத் இருவரின் எழுத்து. 1975-இல் 6 எபிசோட், 1979-இல் 6, அவ்வளவுதான். அந்தச் செறிவோடு அமெரிக்காவைப் போல ஆண்டுக்கு 22 எழுத இரண்டு பேரால் ஆகாது. அமெரிக்க சேனல்களுக்கோ செப்டம்பர் முதல் மே வரை விளம்பரதாரர்களுக்கு நிகழ்ச்சி வேண்டும். நூறு எபிசோடை எட்டினால் மறுஒளிபரப்பு உரிமை நல்ல விலைக்குப் போகும் என்பது அங்கே நெடுநாள் கணக்கு. அதனால் ஓர் அறை நிறைய எழுத்தாளர்களைச் சம்பளத்துக்கு வைத்து எழுதுகிறார்கள்.

நீங்கள் பார்த்த தொடரையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் வடிவம் இரண்டு சீசன், 12 எபிசோட், பிறகு 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு பாகம். இரண்டாம் சீசன் முடிவில் வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள் என்று மேலாளர் டேவிட் பிரென்ட் கெஞ்சும் இடம் இருக்கிறதே, அந்த ஆளை அதுவரை நமக்குப் பிடிக்கவே இல்லை. பழகிப்போக நேரம் தராததால்தான் அந்தக் கெஞ்சல் அப்படி அறைகிறது. அமெரிக்க வடிவத்துக்கு அது சாத்தியமில்லை, ஆனால் வேறொன்று சாத்தியம். ஜிம் தன்னோடு வேலை செய்யும் பாம் என்ற பெண்ணிடம் காதலைச் சொல்வது 28-ஆவது எபிசோடில். அதற்குள் ஒன்றுமே நடக்காத எத்தனையோ அலுவலக நாட்களை அவர்களோடு நாமும் கழித்திருக்கிறோம். ஸ்டான்லி, ஃபிலிஸ் போன்ற சக ஊழியர்கள் மனிதர்களாவதும் அந்த வெற்று நாட்களில்தான். ஆறே எபிசோடில் அவர்கள் மேஜை நாற்காலிகளோடு சேர்ந்திருப்பார்கள். மொத்தம் 201 எபிசோட் தேவையா என்றால், இல்லை. 2011-இல் மேலாளராக நடித்த ஸ்டீவ் கேரல் விலகியபோதே முடித்திருக்க வேண்டும்.

முடிவை நோக்கி ஓடும் கதைக்கு 22 கேடுதான். விமான விபத்தில் தீவில் சிக்கியவர்களின் கதையான ‘லாஸ்ட்’ மூன்றாம் சீசனில், முக்கியப் பாத்திரங்கள் கூண்டில் அடைபட்டிருக்க, கதையும் நகராமல் கிடந்தது. 2010-இல் முடிப்போம் என்று 2007-இலேயே அறிவித்து, சீசனுக்கு 16 என்று குறைத்த பிறகுதான் அதற்கு வேகம் வந்தது.

எனக்கு உண்மையான வருத்தம் இன்றைய ஓடிடி வழக்கத்தின் மேல். எட்டு எபிசோட், பிறகு வருடக்கணக்கில் காத்திருப்பு. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ மூன்றாம் சீசன் 2019, நான்காவது 2022, ஐந்தாவது 2025. பிள்ளைகளாக வந்தவர்கள் பெரியவர்களாகிவிட்டார்கள். இதில் இரண்டு பேர் எழுதிய செறிவும் இல்லை, வாராவாரம் கூடவே வாழ்ந்த நெருக்கமும் இல்லை.

ஓர் எண் சொல்லியே ஆக வேண்டுமென்றால், பணியிடக் கதைகளுக்கு 13 முதல் 15 என்பேன். 2025-இல் வந்த ‘தி பிட்’ பாருங்கள். பிட்ஸ்பர்க் மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஷிஃப்ட், மணிக்கு ஒன்றாக 15 எபிசோட். செவிலியர்கள்கூட யார் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டாம் சீசனும் அடுத்த ஜனவரியிலேயே வந்துவிட்டது.